அட்டையில் இருக்கும் தேதி: டை-காஸ்ட் போர் விமானங்களை வாங்குவதும் காப்பதும்

இரண்டாம் உலகப் போர் விமானங்களின் டை-காஸ்ட் மாதிரிகளை, அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்தவற்றை, சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி, "எந்த விமானம், எந்த மாதம்?" என்பது. ஒரு தயாரிப்பாளர் அச்சு ஒன்றைச் செய்துவிட்டால், அதே வார்ப்புக்குப் பத்துப் பதினைந்து விதமாகப் பெயின்ட் அடித்து ஆண்டுக்கணக்கில் வெளியிடுவார். ஒவ்வொரு வெளியீடும் உண்மையில் பறந்த ஒரு விமானத்தைக் குறிக்கும். பெட்டிக்குள் வரும் சிறிய அட்டையிலோ பெட்டியின் பக்கவாட்டிலோ வரிசை எண், படைப்பிரிவு, விமானி, தளம், காலம் எல்லாம் அச்சாகியிருக்கும். அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டால் மாதிரி சரியா தவறா என்பதைக் கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அதற்கு முன் அளவுக் கணக்கு. இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் புழங்குவது 1:72. உண்மையில் 6 அடி இருப்பது இங்கே 1 அங்குலம். மீட்டரில் கணக்குப் போட, இறக்கை நீளத்தை 100-ஆல் பெருக்கி 72-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் வந்துவிடும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை 11.23 மீட்டர், மாதிரியில் 15.6 செ.மீ. மெஸ்ஸர்ஷ்மிட் 109இ 9.87 மீட்டர், 13.7 செ.மீ. ஹரிகேன் 16.9, ஜீரோ 16.7, தண்டர்போல்ட் 17.3. இரட்டை எஞ்சின் லைட்னிங் மட்டும் 22 செ.மீ. வரை போகும். 1:48-க்குப் போனால் ஸ்பிட்ஃபயரே 23.4 செ.மீ. ஆகிவிடும்; லைட்னிங் 33 செ.மீ. 80 செ.மீ. அகலத் தட்டில் 1:72 ஒற்றை எஞ்சின் விமானங்கள் நான்கு தாராளமாக நிற்கும், 1:48-இல் மூன்றே நெருக்கடிதான். இணையத்தில் அளவு குறிப்பிடாமல் விற்கும் மாதிரிகளுக்கு, இறக்கை நுனியிலிருந்து நுனி வரை எத்தனை செ.மீ. என்று விற்பவரிடம் கேளுங்கள். 11 செ.மீ. ஸ்பிட்ஃபயர் என்றால் அது 1:100. மற்றவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டி மாதிரித் தெரியும்.

இதே கணக்கை மேற்பரப்பின் கோடுகளுக்கும் போட்டுப் பாருங்கள். உலோகத் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் பேனல் கோடு மாதிரியில் 0.2 மி.மீ. அகலம் இருந்தால், உண்மை அளவில் அது 14 மி.மீ. பள்ளம். உண்மையான விமானத்தில் விரல் நுழையும் பள்ளம் எங்கும் கிடையாது. ஆகவே கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்ல வார்ப்பு. புகைப்படத்தில் இது தெரியாது. பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

இனி தேதி. பிரிட்டிஷ் விமானங்களில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் அவற்றின் நிறம் அடிக்கடி மாறியது, மாறிய காலமும் தெளிவாகத் தெரியும். பிரிட்டன் வான்போர் நடந்த 1940 ஜூலை முதல் அக்டோபர் வரை ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும் மேலே பழுப்பும் கரும்பச்சையும், முனைக்கூம்பான ஸ்பின்னர் கறுப்பு. வாலுக்கு முன் வெளிர் பச்சை கலந்த 'ஸ்கை' நிறப் பட்டையும் அதே நிற ஸ்பின்னரும் வந்தது 1940 நவம்பர் இறுதிக்குப் பிறகு. 1941 ஆகஸ்டில் பழுப்பு போய்ச் சாம்பல் வந்தது. ஆக, அட்டையில் "1940 ஆகஸ்ட்" என்று போட்டிருந்து வாலில் ஸ்கை பட்டை இருந்தால் அந்த மாதிரியைத் திருப்பி வைத்துவிடலாம்.

நார்மண்டிப் படையிறக்கத்துக்கான கறுப்பு-வெள்ளைப் பட்டைகள் எல்லாருக்கும் பிடிக்கும், அதனால் தயாரிப்பாளர்களுக்கும் பிடிக்கும். இவை 1944 ஜூன் 6-க்கு முந்தைய ஓரிரு நாட்களில் அவசர அவசரமாக அடிக்கப்பட்டவை. வெள்ளை மூன்று, கறுப்பு இரண்டு. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குலம். 1:72-இல் ஒரு பட்டை 6.35 மி.மீ., ஐந்தும் சேர்ந்து ஏறத்தாழ 32 மி.மீ. ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். ஒரு மாதம் கழித்து மேற்பரப்பில் உள்ளவற்றை அழிக்க உத்தரவு வந்தது. 1944 முடிவதற்குள் முழுவதும் போய்விட்டன. 1945 மார்ச் என்று தேதி போட்டு இறக்கையின் மேல் பட்டையோடு வரும் மாதிரி தவறு.

இங்கேதான் வரிசை எண் உதவும். பிரிட்டிஷ் விமானி ஜானி (ஜேம்ஸ் எட்கர்) ஜான்சன் தன் பெயரின் முதலெழுத்துகளான 'ஜேஇ-ஜே' என்பதையே ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்களில் எழுதிக்கொண்டார். 1943-இல் அவர் ஓட்டியது 'ஈஎன்398', 1944 கோடையில் 'எம்கே392'. இரண்டுமே ஒன்பதாம் வகையான மார்க் 9. பட்டை இரண்டாவதில்தான் இருக்க வேண்டும். அந்த எண் வாலுக்கு முன், உடலின் பின்பகுதியில், 1:72-இல் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத அளவில் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைக் கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அச்சின் தரமும் அதில் தெரிந்துவிடும். டாம்போ என்னும் சிலிக்கோன் பஞ்சு அச்சில் எழுத்து விளிம்பு கூர்மையாக நிற்கும். ஸ்டிக்கர் என்றால் விளிம்பைச் சுற்றி மெல்லிய பளபளப்பு தெரியும்.

எண்ணோடு வார்ப்பின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். மார்க் 5 ஸ்பிட்ஃபயரைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஒரு இறக்கைக்கு அடியில் பெரிய ரேடியேட்டர், மற்றதில் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பான். மார்க் 9-இல் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் பெட்டி, நான்கு இதழ் புரொப்பெல்லர், பக்கத்துக்கு ஆறு புகைபோக்கி. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் இ வகைக்கு இறக்கை நுனி சதுரம், வால் கிடைத்தகட்டின் அடியில் பக்கத்துக்கு ஒரு தாங்குகம்பி. எஃப் வகையிலிருந்து நுனி வட்டம், கம்பி கிடையாது. மஸ்டாங்கில் பி, சி வகைக்கு நான்கு துப்பாக்கி, குமிழ்க் கண்ணாடி வைத்த டி வகைக்கு ஆறு. ஜெர்மன் விமானங்களின் வாலில் ஸ்வஸ்திகா இல்லாமல் இருப்பதையோ இரண்டு துண்டாகத் தனி ஸ்டிக்கரில் வருவதையோ குறையாக எண்ண வேண்டாம். ஜெர்மனியில் அந்தச் சின்னத்துக்குச் சட்டத் தடை இருப்பதால் அப்படி விற்கிறார்கள். அதை ஒட்டாமலேயே வைத்திருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அமெரிக்க நட்சத்திரம் தேதி பார்ப்பதற்கு மிக எளிது. 1942 மே வரை வெள்ளை நட்சத்திரத்தின் நடுவே சிவப்புப் புள்ளி. ஜப்பானியச் சூரிய வட்டத்தோடு குழப்பம் வந்ததால் மே மாதம் அதை எடுத்தார்கள். பவளக் கடல் போரில் (1942 மே தொடக்கம்) பறந்த வைல்ட்கேட்டுக்குச் சிவப்புப் புள்ளி உண்டு, வால் சுக்கானில் சிவப்பு-வெள்ளைக் கோடும் உண்டு. ஒரு மாதம் கழித்து மிட்வேயில் இரண்டும் கிடையாது. நட்சத்திரத்தின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை சேர்ந்தது 1943 ஜூன் இறுதியில். அப்போது சுற்றிலும் சிவப்பு விளிம்பு. சில வாரங்களிலேயே அது நீலமாகிவிட்டது. சிவப்பு விளிம்போடு ஒரு மாதிரி கிடைத்தால் அந்தக் குறுகிய காலத்தைச் சேர்ந்தது. தேடி வாங்கத் தக்கது. நிறம் மாறிய தனி விமானங்களும் உண்டு. அமெரிக்க விமானி பட் ஆண்டர்சனின் 'ஓல்ட் க்ரோ' என்ற மஸ்டாங் டி முதலில் பச்சையாக இருந்து, குளிர்காலத்தில் பெயின்ட் சுரண்டப்பட்டு வெறும் உலோகமானது. இரண்டு தோற்றமும் சரிதான். தேதி மட்டும் பொருந்த வேண்டும்.

ஜப்பானிய ஜீரோவில் வாலில் உள்ள எழுத்தும் உடலைச் சுற்றிய பட்டையும் சேர்ந்து எந்த விமானந்தாங்கிக் கப்பல் என்று சொல்லும். பேர்ல் ஹார்பர் காலத்தில் அக்காகிக்கு 'ஏஐ', ஒரு சிவப்புப் பட்டை. காகாவுக்கு 'ஏஐஐ', இரண்டு சிவப்பு. சோர்யுவுக்கு ஒரு நீலம், ஹிர்யுவுக்கு இரண்டு. ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, ஜுயிகாகுவுக்கு இரண்டு. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கியவை இந்தக் கப்பல்களின் விமானங்களே. ஆனால் காகா அந்தப் பயணத்தில் இல்லை. பழுதுபார்க்க ஜப்பான் திரும்பியிருந்தது. 'இலங்கைத் தாக்குதல்' என்ற பெயரில் இரண்டு சிவப்புப் பட்டை ஜீரோ விற்றால் வாங்க வேண்டாம். கொழும்பில் எதிர்த்துப் பறந்தவற்றில் பெரும்பாலானவை ரத்மலானையிலும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலும் இருந்த ஹரிகேன்கள். ஜீரோவையும் ஹரிகேனையும் ஒரே தட்டில் வைப்பது நம் பக்கத்து வாசகர்களுக்கு அர்த்தமுள்ள ஜோடி. பர்மா முனையில் பின்னாளில் வந்த ஹரிகேனுக்கு வட்டச் சின்னத்தில் சிவப்பே இருக்கக்கூடாது, நீலமும் வெளிர்நீலமும் மட்டும். 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப்படை முதல் படைப்பிரிவுக்கும் இதே விதிதான்.

தமிழ்நாட்டுச் சேகரிப்பாளர் கண் வைக்க வேண்டிய இன்னொன்று டிஃபையன்ட் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். பிரிட்டிஷ் விமானப்படையின் 264-ஆம் படைப்பிரிவுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர். அதன் இரவுப்போர் விமானங்களில் 'என்1801', 'பிஎஸ்-பி' என்ற எழுத்தோடு பறந்ததன் பெயர் 'கோயம்புத்தூர் 2'. முழுக் கறுப்பு. முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி இதற்குக் கிடையாது. விமானிக்குப் பின்னால் நான்கு துப்பாக்கிக் கூண்டு மட்டும். மாதிரிகளில் கூண்டு பிளாஸ்டிக்காக இருக்கும், துப்பாக்கிகள் தலைமுடி தடிமன். அதைத் துப்பாக்கியைப் பிடித்துத் திருப்பக்கூடாது. கூண்டின் அடிவிளிம்பை நகத்தால் தள்ள வேண்டும். மங்கலான கறுப்புப் பெயின்டில் விரல்ரேகை அப்படியே தங்கும் என்பதால் இதைப் பருத்திக் கையுறையோடு எடுங்கள்.

பெட்டி திறப்பது. மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, பிளாஸ்டிக் தட்டை எடுத்தவுடன் எதையும் பிரிக்காமல் எண்ணிப் பாருங்கள்: கீழிறங்கிய சக்கரக் கால்கள் 2, மூடிய சக்கரக் கதவுகள் 2, வால் சக்கரம், புரொப்பெல்லர், விமானி உருவம், ஸ்டாண்டின் 2 அல்லது 3 துண்டுகள், சில மாதிரிகளில் கூடுதல் எரிபொருள் தொட்டி, ஆன்டெனாக் கம்பி. தட்டின் மூலைகளில் ஒளிந்திருக்கும் சின்னத் துண்டுகள்தான் குப்பைக்குப் போகின்றன. விமானத்தை இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். ஆன்டெனா, வேகம் அளக்கும் பிட்டோ குழாய், வால் எதுவும் கைப்பிடி அல்ல.

சக்கரக் கால்கள் இடம் வலம் மாறாது. அடியில் 'எல்', 'ஆர்' என்று பொடியாகப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் முளையின் வடிவம் இரண்டிலும் வேறாக இருக்கும். கால் உள்ளே போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் துளைக்குள் தேங்கிய பெயின்ட். அழுத்தினால் கால் கணுவில் ஒடியும். துளைக்குப் பொருத்தமான சிறு டிரில் பிட்டை விரலால் மட்டும் இரண்டு சுற்று சுற்றினால் பெயின்ட் உதிர்ந்துவிடும். கத்தி வேண்டாம், அது துளையின் விளிம்பைச் சீவிவிடும். காலை அடிப்பாகத்தில் பிடித்து நேராக அழுத்த வேண்டும், சக்கரத்தைப் பிடித்து அல்ல. தொளதொளவென்று இருந்தால் வெள்ளை ஃபெவிகாலை ஊசி நுனியில் ஒரு பொட்டு வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பின்னால் கழற்ற வேண்டி வந்தாலும் கழன்றுவிடும். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி காக்பிட் கண்ணாடியில் படிந்து வெள்ளைப் பூஞ்சை பூத்தது போலாகும், துடைத்தாலும் போகாது.

புரொப்பெல்லரில் நடக்கும் தவறு பலர் கவனிக்காதது. மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் அது காக்பிட்டிலிருந்து பார்க்க வலஞ்சுழி. கிரிஃபன் எஞ்சின் வைத்த மார்க் 14-இல் ஐந்து இதழ், இடஞ்சுழி. இதழின் முறுக்கும் அதற்கேற்ப எதிராக இருக்க வேண்டும். லைட்னிங்கில் இரண்டு எஞ்சினும் எதிரெதிராகச் சுழலும்: உற்பத்தி விமானங்களில் மேலே வரும் இதழ் வெளிப்பக்கமாகப் போகும். இடதையும் வலதையும் மாற்றி மாட்டினால் தெரிந்தவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். வளைந்து வந்த பிளாஸ்டிக் இதழை, புரொப்பெல்லரைத் தனியாகக் கழற்றி, கை பொறுக்காத சூட்டு நீரில் பத்து விநாடி முக்கி, நேராக்கி, உடனே குளிர்நீரில் போடுங்கள். கொதிநீர் வேண்டாம், ஸ்பின்னரின் பெயின்ட் சுருளும்.

சக்கரத்தை மூடி ஸ்டாண்டில் வைத்தால் காக்பிட்டில் விமானி இருக்க வேண்டும். இறக்கி வைத்தால் இல்லாமலிருப்பதே இயல்பு. இதைக்கூடப் பார்க்காமல் ஆளில்லாமல் பறக்கவிடுகிறார்கள்.

இனி, இவற்றை எது கெடுக்கிறது என்பது. டை-காஸ்ட் உலோகம் துத்தநாகம், அதில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் அலுமினியம். துத்தநாகத்தில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் உலோகத் துகள்களின் இடைவெளி வழியே உள்ளிருந்து அரித்துவரும். இதைத்தான் சேகரிப்பாளர்கள் ஜிங்க் பெஸ்ட் என்கிறார்கள். போருக்கு முந்தைய டிங்கி நிறுவனப் பொம்மை விமானங்கள் பல இப்படித்தான் பொடியாகிப்போயின. 1929-இல் வந்த ஜமாக் கலவை 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தைக் கொண்டு இதைத் தீர்த்தது. ஆனால் தொழிற்சாலையில் பழைய உலோகத்தைக் கலந்து உருக்கினால் இன்றைய மாதிரியிலும் வரலாம். அடையாளம்: பெயின்டுக்கு அடியில் சிலந்திவலை போன்ற விரிசல், இறக்கை நுனி வளைதல், உடல் சற்றே வீங்கி இறக்கை இடுக்கில் இடைவெளி விழுதல். மருந்து கிடையாது. ஈரம் குறைந்தால் வேகம் குறையும், அவ்வளவே. பக்கத்து மாதிரிக்கு அது தொற்றாது. அந்தப் பயத்தில் நல்லவற்றை விற்க வேண்டாம். பெயின்ட் மட்டும் கொப்பளித்து, அடியில் உலோகம் வழவழவென்று இருந்தால் அது வார்ப்பின் எண்ணெய்ப் பசை போகுமுன் பெயின்ட் அடித்ததன் விளைவு, பெஸ்ட் அல்ல.

நம் ஊர்களில் இதைவிட அதிகம் கெடுப்பது அலமாரி. புதிதாகச் செய்த கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கோன் பசை வினிகர் போல மணந்தால் அது அசிட்டிக் அமிலம். மூடிய பெட்டிக்குள் துத்தநாகத்தில் வெள்ளைப் பொடி பூக்கவைக்கும். செய்யச் சொல்லும்போதே நியூட்ரல் சிலிக்கோன் கேளுங்கள். ஏற்கெனவே செய்திருந்தால் கதவைத் திறந்து வைத்து, வாசனை முழுதும் போன பிறகே அடுக்குங்கள். புதுப் பார்ட்டிக்கிள் போர்டும் எம்டிஎஃப்-உம் ஃபார்மால்டிஹைடு விடும். வெட்டிய விளிம்புகளையெல்லாம் லேமினேட் ஒட்டி மூடினால்தான் பயன். எறும்பு, பூச்சி வராமல் அந்துருண்டை போடுவது பெரும் தவறு: நாப்தலின் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும், காக்பிட் கண்ணாடியும் ஸ்டாண்டும் பிசுபிசுக்கும்.

சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு போன்ற கடலோர ஊர்களில் மூடிய பெட்டிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்று வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நிம்மதி. ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் பச்சையானதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். பெட்டியின் கதவு சரியாக மூடாவிட்டால் எத்தனை கிலோ போட்டாலும் வீண். முதலில் விளிம்புக்கு ரப்பர் பட்டை. ஜன்னல் வெயில் படும் சுவரைத் தவிர்க்கவும், காக்பிட்டின் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகும்.

சக்கரங்கள் மென்மையான பிவிசி என்றால் அதிலுள்ள இளக்கி பிளாஸ்டிக் தளத்தில் இறங்கி வட்டத் தழும்பு விழும், டயரும் ஒட்டிக்கொள்ளும். டயருக்கு அடியில் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்று போதும். பழைய பெட்டிகளில் உள்ள ஸ்பஞ்சு நாளடைவில் பிசினாக உருகிப் பெயின்டில் ஒட்டும். வாங்கியதுமே அதை எடுத்துவிட்டு அமிலமற்ற டிஷ்யூ தாள் வையுங்கள்.

தூசிக்கு ஒப்பனைக்கான மென்தூரிகையும் கேமராவுக்கான காற்றுப் பம்பும் போதும், மாதம் ஒருமுறை. விரல்ரேகைக்கு 250 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திர சோப்பு, மைக்ரோஃபைபர் துணியைப் பிழிந்து துடைக்கவும். ஸ்பிரிட், சானிடைசர், ஈரத் துடைப்பான் எதுவும் டாம்போ எழுத்தின் மேல் படக்கூடாது. வரிசை எண்தான் முதலில் கரையும்.

பழைய மாதிரி வாங்கும்போது விற்பவரிடம் ஆறு படம் கேளுங்கள்: மேல், கீழ், இரு பக்கம், முன்பக்கம், உதிரித் தட்டு. கீழ்ப்பக்கப் படத்தை அனுப்பத் தயங்கினால் சக்கரக் கால் ஒட்டப்பட்டிருக்கும். எடுத்து அனுப்புவது நீங்கள் என்றால் புரொப்பெல்லரைக் கழற்றித் தனிப் பையில் போட்டு, அசல் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. திணிப்போடு வெளிப்பெட்டிக்குள் வைத்து, மூடும் முன் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் மீண்டும் பிரித்து அடுக்குங்கள். அட்டையை மறக்காமல் உள்ளே வையுங்கள். அடுத்து வாங்குபவருக்கும் தேதி வேண்டும்.